படத்துக்குள் ஆளை இறக்கும் தொழில்

பாரிஸில் இலங்கைத் தமிழர் கூடும் லாச்சப்பலில் இருந்து ஃபோபூர் சென்-டெனி வீதியைப் பிடித்துத் தெற்கே நடந்தால், எங்கள் மரக்கறிக் கடைகளும் நகைக்கடைகளும் முடிந்து சென்-டெனி வாசல் வரும். அங்கே மேற்கே திரும்பிப் பெருவீதியால் கொஞ்சத் தூரம் போனால் ‘பசாஜ் தே பனோராமா’ என்ற கண்ணாடிக் கூரை போட்ட கடைச்சந்து. அது 1800இல் திறந்தபோது வாசலின் இரு பக்கமும் இரண்டு வட்ட மண்டபங்கள் நின்றன. காசு கொடுத்து, இருட்டு நடைவழியால் நடுமேடைக்கு ஏறினால் சுற்றிவர ஒரே ஓவியம். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கண்ணில் படாதபடி மறைத்திருப்பார்கள். பார்க்க வந்தவர் அந்தப் படத்துக்குள் நிற்பார்.

1787இல் ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் பிரித்தானியாவில் காப்புரிமை எடுத்த வித்தை இது. பாரிஸ் அதை ஒரு தொழிலாகவே வளர்த்தது. பியர் பிரேவோ என்ற ஓவியர் 1817இல் கிழக்கே பயணம் போய், ஜெருசலேமையும் ஏதென்ஸையும் பார்த்து வந்து வட்டச் சுவரில் தீட்டினார். 1822இல் டகேர் திறந்த டியோராமாவில், ஆட்கள் இருந்த தளமே ஒரு காட்சியில் இருந்து அடுத்ததற்குத் திரும்பியது. 1900ஆம் ஆண்டுக் கண்காட்சியின் ‘மரேயோராமா’வில் சனத்தைக் கப்பல் தளம் போன்ற மேடையில் ஏற்றி, அந்த மேடையை ஆட்டி, இரு பக்கமும் 750 மீற்றர் நீளத் திரைச்சீலைகளை உருட்டினார்கள். வெனிஸ் போய், கொன்ஸ்தாந்திநோப்பிளும் வந்துவிடும்.

தூரதேசத்தைக் கண்ணெதிரே பார்க்கும் இந்த ஆசைக்கு ஒரு கொடூரமான பக்கமும் இருந்தது. 1883இல் இதே நகரத்தின் ‘ஜார்தான் தாக்லிமத்தாசியோன்’ என்ற பூங்காவில், இலங்கையில் இருந்து கொண்டுவந்த மனிதர்களையே காட்சிக்கு நிறுத்தினார்கள். தூரதேசம் எப்படித் தெரியவேண்டும் என்பதைக் காசு வாங்கியவன் தீர்மானித்தான்.

சரியாக நூறு வருசத்துக்குப் பிறகு, இலங்கையில் தமிழருக்கு எதிராக நடந்த 1983 கலவரத்தோடு நாங்கள் பெருந்தொகையாக இங்கே வரத் தொடங்கினோம். கையில் கிடைத்த அகதிப் பயணப் பத்திரத்தில், எந்த நாட்டுக்கும் போகலாம், சொந்த நாட்டுக்கு மட்டும் முடியாது. எண்பதுகளின் கடைசியில் லாச்சப்பலில் ஒரு வீடியோக் கடையில் வேலைக்கு நின்றேன். படக் கசற்றுகளை வாடகைக்குக் கொடுப்போம். ஆனால் சனம் நெஞ்சோடு அணைத்துக் கொண்டு வந்தவை ஊரில் இருந்து வந்த கலியாணவீட்டு, செத்தவீட்டுக் கசற்றுகள்தான். ரீவியின் வண்ண முறை இலங்கையில் பால் (PAL), பிரான்ஸில் செக்காம் (SECAM). இங்கத்தைய ரீவியில் போட்டால் தங்கச்சியின் கூறைச்சேலை கறுப்புவெள்ளையாகத்தான் தெரியும். எல்லா முறையும் ஓடும் டெக் ஒன்று கடையில் இருந்தது. அதில் போட்டதும் கூறையின் சிவப்பு எழும்பி வரும். ஒருவர் மணமக்களைப் பார்க்கவே மாட்டார். பின்னால் தெரிந்த வேலியையும் மாமரத்தையும் பார்க்க, நிறுத்தி நிறுத்தி ஓடவிடச் சொல்வார்.

போன மாரியில் மகள் என்னை விஆர் என்ற மெய்நிகர் விளையாட்டுக் கூடம் ஒன்றுக்குக் கூட்டிப் போனாள். தலையில் கண்ணாடியை மாட்டிப் பின்பட்டியை இறுக்கினார்கள். லிஃப்ட் கதவு திறந்தது. உயர்ந்த கட்டடத்தின் உச்சியில் இருந்து வெளியே நீட்டிய ஒரு பலகை. கீழே எறும்பளவில் கார்கள். நிலத்திலும் உண்மையாகவே ஒரு பலகை போட்டிருந்தபடியால் பாதம் அதன் விளிம்பைத் தடவி உணர்ந்தது. “அப்பா, பயப்பிடாதேங்கோ, காலை எடுத்து வையுங்கோ” என்றாள் மகள். கூடத்தின் தரையில் நிற்கிறேன் என்று அறிவுக்குத் தெரியும், முழங்காலுக்குத் தெரியவில்லை.

அந்தக் கண்ணாடிக்குள் இருப்பது 19ஆம் நூற்றாண்டின் அதே உபாயம். ஒரே காட்சியைச் சற்றே வித்தியாசமான இரண்டு படங்களாக இரு கண்ணுக்கும் காட்டினால் ஆழம் பிறக்கும். பாரிஸில் ஜூல் டுபொஸ்க் செய்த ஸ்டீரியோஸ்கோப்புகளை 1851 லண்டன் கண்காட்சியில் மக்கள் வியந்து பார்த்தார்கள். தலை திரும்பினால் படமும் திரும்பவேண்டும் என்பதை 1968இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் செய்து காட்டினார்; கருவியின் பாரம் தாங்காமல் அதைக் கூரையில் இருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்று அது பிள்ளைகளின் பைக்குள் அடங்குகிறது.

அந்தப் பலகையில் நின்றபோது எனக்குப் பட்டது இதுதான்: யாரோ கட்டிய நகரத்தைப் பார்த்தே என் உடம்பு இப்படி நம்புகிறது என்றால், எங்கள் முற்றத்தைக் கட்டினால் என்ன ஆகும்? போரில் தரைமட்டமான வீடுகளின் அளவு தெரிந்தவர்கள் இன்னும் லாச்சப்பலில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள் கணினி படிக்கிறார்கள். பிரேவோ ஊர் ஊராகப் போய்ப் பார்த்து வரைந்தார். இந்தப் பிள்ளைகள் அம்மம்மாவிடம் கேட்டாலே போதும். ஒரு கிணற்றடியில் இருந்து தொடங்கட்டும். துலா எத்தனை அடி, வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடியது, வேலியில் பூவரசா கிளுவையா என்று அளவெல்லாம் சொல்ல நான் இருக்கிறேன்.