காற்றுக்கு ஒரு காவல்

டில்லியின் வரலாற்றை அதன் கோட்டைகளையும் கொத்தளங்களையும் கொண்டு எழுதுவது வழக்கம். அந்நகரின் காற்றைக் கொண்டும் அவ்வரலாற்றை எழுதலாம். கோடையில் 45 டிகிரி செல்சியஸைத் தொடும் வெப்பம், 'லூ' என்று மக்கள் அழைக்கும் அனற்காற்று, மார்கழி தையில் எலும்பை நடுக்கும் குளிர் ஆகிய இவற்றினிடையே, கூரையின் கீழ் மனிதன் வாழத்தக்க காற்றை எவ்வாறு நிறுத்தி வைப்பது? இந்நகரை ஆண்டவர் யாவரும் இக்கேள்விக்கு விடை தேட வேண்டியிருந்தது. நம் காலம் கண்ட விடைகளுள் ஒன்று, பெரிய கட்டடங்களின் ஓர் அறையில், கண்ணுக்குத் தெரியாத மூலையில் அமர்ந்திருக்கும் மேற்பார்வைக் கன்ட்ரோலர் என்னும் சிறு பெட்டி. அதன் வரலாற்றைச் சற்றே ஆராய்வோம்.

ஷாஜஹான் 1639 இல் தொடங்கி 1648 இல் நிறைவு செய்த செங்கோட்டையில், 'நஹ்ர்-இ-பிஹிஷ்ட்', அதாவது சொர்க்கத்தின் ஓடை, அரண்மனை மண்டபங்களின் ஊடே ஓடியது. ஓடும் நீர் காற்றின் வெம்மையைத் தணித்தது. பிற்காலத்தில் ஆங்கிலேயர் மாளிகைகளில் வாயில்தோறும் வெட்டிவேர்த் தட்டிகள் தொங்கின. அவற்றின்மீது நீர் தெளிக்க ஒருவன், கூரையில் ஆடும் பங்காவின் கயிற்றை இழுக்க ஒருவன், இருவரும் கண்ணயர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள மூன்றாமவன் ஒருவன். இம்மூவரிடையே மூன்று தொழில்கள் அமைந்திருந்ததை நாம் கவனிக்க வேண்டும். வெப்பத்தை உணர்வது முதல் தொழில். கையால் செயல்படுவது இரண்டாவது. முழுமையையும் மேற்பார்ப்பது மூன்றாவது. இன்றைய யந்திரங்கள் செய்வதும் இம்மூன்றே.

இத்தொழில்களை மனிதனிடமிருந்து யந்திரத்துக்கு மாற்றியவர்களுள் முக்கியமானவர் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துப் பேராசிரியர் வாரன் ஜான்சன். அவர் பாடம் நடத்தும் வேளையில் பள்ளிப் பணியாளர் உள்ளே வந்து வெப்பமானியைப் பார்ப்பார்; பின்னர் நிலவறைக்குச் சென்று அடுப்பின் அனலைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். இந்த இடையூற்றைத் தவிர்க்க, அறையின் வெப்பநிலையை மின்சாரத்தால் அறிவிக்கும் கருவி ஒன்றை அமைத்து 1883 இல் அவர் காப்புரிமை பெற்றார். 1885 இல் மில்வாக்கி நகரில் ஒரு கம்பெனியும் தோன்றியது. பின்னர் அழுத்தப்பட்ட காற்றைக் குழாய்களில் செலுத்தி வால்வுகளை இயக்கும் முறை பல்லாண்டுகள் நிலவியது. 1973 இல் எண்ணெய் நெருக்கடி எழுந்து எரிபொருளின் விலை ஏறியபோது, மின்சாரத்தைச் சிக்கனம் செய்யக் கம்ப்யூட்டரின் துணை நாடப்பட்டது. மேற்பார்வைத் தொழிலும் அவ்வாறே யந்திரத்தின் கைக்கு வந்தது.

ஆனால் இங்கே ஒரு பெரும் சிக்கல் எழுந்தது. குளிரூட்டும் யந்திரம் ஒரு கம்பெனியுடையது, விசிறி வேறொன்றுடையது, தீ அறிவிப்புக் கருவி மூன்றாவதொன்றுடையது. ஒவ்வொன்றும் தன் தன் மொழியில் பேசின. ஒன்றின் பேச்சை மற்றொன்று அறியாது. ஒரு கம்பெனியின் கருவிகளை வாங்கிய கட்டடம் என்றென்றும் அக்கம்பெனியையே சார்ந்து நிற்க நேர்ந்தது. இந்நிலையை மாற்ற 1987 இல் அமெரிக்கப் பொறியாளர் சங்கமொன்று ஒரு குழுவை நிறுவியது. கார்னெல் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் நியூமன் அதற்குத் தலைமை தாங்கினார். எட்டு ஆண்டு விவாதத்துக்குப்பின், 1995 இல் 'பாக்நெட்' என்னும் பொதுமொழி வெளிவந்தது. 2003 இல் அது சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. நம் தலைநகரிலும் 1961 இல் விஞ்ஞான, தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் நிறுவப்பட்டது இத்தகைய நோக்கத்துடன்தான். ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாலொழிய, அறிவு ஒருவரிடமிருந்து மற்றவருக்குச் செல்வதில்லை. சொற்களோடு நாள்தோறும் பழகும் நமக்கு இது நன்கு விளங்கும்.

மேற்பார்வைக் கருவியை நிறுவி இணைக்கும் முறையும் மொழியின் ஒழுங்கையே ஒத்தது. ஒவ்வொரு விசிறி அறையிலும் ஒரு சிறு கன்ட்ரோலர் இருக்கும். அவற்றை இரு கம்பிகள் கொண்ட வடத்தால் ஒன்றன்பின் ஒன்றாக, மாலையில் பூத்தொடுப்பதுபோல இணைப்பர். மரக்கிளைகள் போலப் பிரித்து இணைப்பதில்லை. வடத்தின் இரு முனைகளிலும் 120 ஓம் அளவுள்ள ஒரு மின்தடையைப் பொருத்துவர். இன்றேல் செய்தி முனையில் மோதித் திரும்பிவந்து மற்றச் செய்திகளைக் குழப்பும். ஒவ்வொரு கருவிக்கும் அவ்வடத்தில் 0 முதல் 127 வரை ஒரு முகவரி உண்டு. இதனோடு கட்டடம் முழுமைக்கும் பொதுவான அடையாள எண் ஒன்றும் உண்டு. 41 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் கிடைக்கின்றன. ஆயினும் இரு கருவிகளுக்குத் தவறுதலாக ஒரே எண்ணை வைத்துவிட்டால், ஒரே கதவிலக்கமுள்ள இரு வீடுகளுக்கிடையே தபால்காரர் திகைப்பதுபோல மேற்பார்வைக் கருவியும் திகைக்கும். பெயர் வைப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மூன்றாம் மாடியின் உணர்கருவிக்கு நான்காம் மாடியின் பெயரைக் கொடுத்துவிட்டால், கருவி பழுதின்றி வேலை செய்யும். ஆனால் அது சொல்லும் செய்தி பொய்யாகிவிடும்.

இப்பொதுமொழியில் நாம் வியக்கத்தக்க ஓர் அம்சமும் உண்டு. ஒரு விசிறிக்கு ஒரே சமயத்தில் பலர் கட்டளையிடலாம். எவருடைய சொல் செல்லும்? இதற்காக 16 படிகள் வகுக்கப்பட்டுள்ளன. எண் குறையக் குறைய அதிகாரம் கூடும். உயிர்ப் பாதுகாப்புக்காக மனிதன் கையால் இடும் கட்டளைக்கு முதற்படி. உயிர்ப் பாதுகாப்புக்காக யந்திரம் தானே இடும் கட்டளைக்கு இரண்டாம் படி. அன்றாடப் பணியாளரின் கட்டளை எட்டாம் படியில் நிற்கும். கால அட்டவணையும் சிக்கனமும் அதற்குக் கீழே வருவன. மின்சாரச் செலவு எவ்வளவு முக்கியமாயினும் உயிருக்குப் பின்னரே அதற்கு இடம் என்பதை இவ்வரிசை ஐயமற உரைக்கிறது.

உயிருக்கு ஏன் இந்த முதலிடம் என்பதை டில்லி மறக்கமாட்டாது. 1997 ஜூன் 13 ஆம் தேதி கிரீன் பார்க்கில் உள்ள உபஹார் திரையரங்கின் கீழ்த்தளத்து வாகன நிறுத்துமிடத்தை ஒட்டியிருந்த டிரான்ஸ்பார்மரில் தீ மூண்டது. அன்று காலையிலேயே அதில் ஒருமுறை தீப்பிடித்துப் பழுது பார்க்கப்பட்டிருந்தது. மாலைக்காட்சிக்கு முன், பிற்பகற் காட்சியின்போது எழுந்த புகை மாடிப்படி வழியே மேலேறிப் பால்கனியை நிறைத்தது. வெளியேறும் வழிகள் இருக்கைகளால் தடைப்பட்டிருந்ததும், கூட்டத்தினருக்கு ஒலிபெருக்கியில் எச்சரிக்கை தரப்படாததும் பின்னர் நீதிமன்றங்களில் எடுத்துரைக்கப்பட்டன. 59 பேர் உயிரிழந்தனர். அவர்களைப் பெரும்பாலும் மாய்த்தது நெருப்பன்று, மூச்சுத் திணறலே. பழுது நேர்ந்ததை அறிந்த இடத்துக்கும் மக்கள் அமர்ந்திருந்த இடத்துக்கும் இடையே செய்தி செல்ல வழியே இல்லை. புகை எழுந்த கணத்தில் காற்று யந்திரங்கள் தாமே நிற்கவும், படிக்கட்டில் புகையை எதிர்க்கும் விசிறிகள் சுழலவும், எச்சரிக்கை ஒலிக்கவும் இன்றைய கட்டடங்களில் இணைப்பு அமைக்கப்படுவது, அத்தகைய இடைவெளி மீண்டும் நேராதிருக்கவே.

2014 பிப்ரவரியில் ஜோர் பாக்கில் திறக்கப்பட்ட இந்திரா பர்யாவரண் பவன் இவ்வகையில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. மத்தியப் பொதுப்பணித் துறை கட்டிய இக்கட்டடத்தின் கூரையில் 930 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்தகடுகள் உள்ளன. ஆண்டில் தான் செலவிடும் மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்ய வேண்டும் என்பது இதன் நோக்கம். கூரையிலுள்ள குளிர்நீர்க் குழாய்களின் வழியே குளிர்ச்சி தரும் முறையும், நிலத்தடியில் வெப்பத்தைச் செலுத்தும் ஏற்பாடும் இங்கு உண்டு. கணக்கைப் பார்ப்பவர் இல்லாமல் சிக்கனம் நிலைப்பதில்லை. ஆகவேதான் இவை யாவும் ஒரே மேற்பார்வையில் இணைக்கப்பட்டுள்ளன.

டில்லிக்கே உரிய ஒரு சோதனை இன்னும் எஞ்சியிருக்கிறது. அறையில் கரியமிலவாயு மிகுந்தால் வெளிக்காற்றை உள்ளே விட வேண்டும் என்பது கருவிக்குக் கற்பிக்கப்படும் பொதுவிதி. 2016 நவம்பரில் நகரைச் சூழ்ந்ததுபோன்ற புகைமூட்டத்தில் அவ்விதியை அப்படியே பின்பற்றினால், கருவி தன் கடமையைச் செய்யும். மனிதர்கள் நஞ்சைச் சுவாசிப்பர். வெளிக்காற்றின் தூசியை அளக்கும் உணர்கருவியும், தக்க வடிகட்டியும், அவற்றையும் கலந்து முடிவுசெய்யும் விதியும் சேர்ந்தாலன்றிக் காற்று காக்கப்படாது.

இவ்வளவிலிருந்தும் நாம் அறிவது யாதெனில், மேற்பார்வைக் கருவி தானாக எதையும் அறிவதில்லை. கீழேயுள்ள கருவிகள் சொல்வதையே அது நம்புகிறது. பெயரும் எண்ணும் பிழையின்றி அமைத்து, ஒவ்வோர் இணைப்பையும் நேரில் சோதித்து, எட்டாம் படியில் இட்ட கட்டளையை வேலை முடிந்ததும் மறவாது நீக்கிவிடும் பணியாளர் இருக்கும்வரை அது நல்ல காவல். அவர் கவனம் தவறினாலோ, கண்ணயர்ந்த பங்காக்காரனைப் போல அதுவும் ஒரு பெயருக்குத்தான் இருக்கும். ஆகவே கட்டடத்தை நிர்வகிப்போர் கருவியின் விலையை மாத்திரம் எண்ணாமல், அதை இணைத்துச் சோதித்து ஆண்டுதோறும் சரிபார்க்கும் தொழிலாளரின் பயிற்சியையும் எண்ணுவார்களாயின், அதுவே சாலச் சிறந்த சிக்கனம் ஆகும்.