அரிக்கமேட்டு மண் அடுக்குகள்

புராணக் கணக்கில் யுகங்களை எண்ணிப் பழமை பேசுவோர் நம்மிடைப் பலர். பழமையை மெய்ப்பிப்பது மண்ணே. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், குழிச் சுவரில் தெரிந்த மண் அடுக்குகளுக்கு எண்ணிட்டு, அளந்து வரைவித்தார். கிடைத்த ஓடுகளும் அடுக்கின் எண்ணோடு பதிவாயின. கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்பது பொதுவிதி. பிற்காலத்தார் தோண்டிய குழி அவ்வொழுங்கைக் குலைக்குமாதலின், அதனையும் குறித்தல் வேண்டும்.

இத்தாலியின் அரெட்சோ நகரத்துச் செங்கலங்கள் கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பாதியளவில் வழங்கியவை என்பது முன்னரே தெளிந்த செய்தி. அவற்றின் ஓடுகள் அரிக்கமேட்டிலும் கிடைத்தன. அவை கிடந்த அடுக்கைக் கொண்டே, உடன்கிடந்த நம் நாட்டுக் கலங்களுக்கும் வீலர் காலம் வகுத்தார்.

அவர் முடிவும் இறுதியானதன்று. அவர் வெளியிட்ட பதிவுகளையே மீண்டும் ஆராய்ந்த விமலா பெக்லி, ஊரின் தொடக்கம் வீலர் கருதியதினும் முந்தியது என 1983-இல் எடுத்துக்காட்டினார். 1989 முதல் 1992 வரை நடந்த அகழாய்வும் அதற்கு அரண் செய்தது.

வெட்டிய மண்ணை மீண்டும் அடுக்குதல் எவர்க்கும் இயலாது. பதிவு இருந்தமையாற்றான் அறிஞர் பிழையும் திருந்திற்று. நம் பழமையும் உயர்ந்தது. பதிவின்றித் தோண்டுவோர் தமிழர் வரலாற்றைத் தேடுவோர் அல்லர், அழிப்போரே.