ஓலைக் கிலுகிலுப்பையும் ஒரு டச்சுக் கோட்டையும்

ஒரு வயசு முடியப்போற குழந்தைக்கு என்ன பொம்மை வாங்கறது? என்னை மாதிரி கல்யாணம் ஆகாத மென்பொருள் ஆசாமிகிட்ட கேட்டா, செல்போனை எடுத்து, விலை வாரியா வடிகட்டி, நட்சத்திரம் அதிகமா வாங்கின ஏதோ ஒண்ணை அனுப்பிட்டு வேலையப் பார்க்கப் போயிடுவோம். இந்தத் தடவை பிறந்தநாள் நடக்கப்போற இடம் பழவேற்காடு ஏரிக்கரையில ஒரு மீனவக் குப்பம். அந்த ஊருக்கு ஏத்த மாதிரி என்ன வாங்கலாம்னு தேட ஆரம்பிச்சேன். தேடினது பொம்மை, கிடைச்சது வரலாறு. அதைத்தான் இங்க கொட்டப் போறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

முதல்ல, ஒரு வயசுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? மொட்டை, காதுகுத்து, தாய்மாமன் சீர்னு ஊரையே கூட்டிடறோம். இதுக்கான பதில் மருத்துவப் புள்ளிவிவரத்துல இருக்கு. 'குழந்தை இறப்பு விகிதம்'னு அடிக்கடி பேப்பர்ல படிக்கிறோமே, அதோட அர்த்தமே உயிரோட பிறந்த ஆயிரம் குழந்தைங்கள்ல முதல் பிறந்தநாளைப் பார்க்காமலே போனது எத்தனைங்கறதுதான். சுதந்திரம் வந்த புதுசுல இந்தியாவுல அது ஆயிரத்துக்கு 146னு கணக்கு. அதாவது ஏழு குழந்தையில ஒண்ணு. 2020 கணக்குப்படி இந்தியாவுக்கு 28, தமிழ்நாட்டுக்கு 13. நம்ம பாட்டிங்களுக்கு ஆண்டுநிறைவுங்கறது கேக் வெட்டற நாள் இல்லீங்க, 'அப்பாடா, தப்பிச்சாச்சு'ன்னு மூச்சு விடற நாள்.

அந்த ஒரு வயசுல குழந்தை என்ன பண்ணும்? இதை நம்ம புலவர்கள் அட்டவணையே போட்டு வெச்சிருக்காங்க. பிள்ளைத்தமிழ்னு ஒரு இலக்கிய வகை. 12ஆம் நூற்றாண்டுல ஒட்டக்கூத்தர் பாடின குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ்தான் நமக்குக் கிடைச்சதுல பழசு. குழந்தைப் பருவத்தைப் பத்துப் பிரிவா வெச்சுப் பாடுவாங்க. அஞ்சாம் மாசம் தலையைத் தூக்கி ஆடற செங்கீரை, ஒன்பதாம் மாசம் கை தட்டற சப்பாணி, பதினொண்ணாம் மாசம் முத்தம், பதிமூணாம் மாசம் 'வா வா'ன்னு கூப்பிட்டா நடந்து வர்ற வருகைன்னு ஒரு கணக்கு உண்டு. ஆண்பிள்ளைக்குப் பாடினா, இன்னும் கொஞ்சம் தள்ளி சிறுபறை, சிறுதேர் எல்லாம் வரும். ஆக, முதல் பிறந்தநாள் விழற இடம் முத்தத்துக்கும் வருகைக்கும் நடுவுல. கையில எது கிடைச்சாலும் வாய்க்குப் போற வயசு. எதையாவது பிடிச்சுக்கிட்டு எழுந்து நிக்கற வயசு. அதுக்குத் தோதா ரெண்டே ரெண்டு சாமான் போதும்னு நம்மாளுங்க முடிவு பண்ணிட்டாங்க. ஒண்ணு சத்தம் போடறது, இன்னொண்ணு உருள்றது. கிலுகிலுப்பை, நடைவண்டி.

உருள்றதை முதல்ல பார்ப்போம். பழவேற்காடு இருக்கறது பழைய தொண்டை மண்டலத்துல. அந்த மண்டலத்தோட தலைவன் தொண்டைமான் இளந்திரையன் மேல கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடினது பெரும்பாணாற்றுப்படை. அதுல மருத நிலத்து ஊர் ஒண்ணைச் சொல்லும்போது, தச்சர்கள் செஞ்ச சின்னத் தேரை உருட்டிக்கிட்டே தத்தித்தத்தி நடக்கற குழந்தைங்க வருது. ஏறி உட்கார்ந்து ஓட்டற தேர் இல்லை, தள்ளற தேர்ங்கறதையும் புலவர் மறக்காம சொல்றார். நடந்து களைச்ச குழந்தை செவிலித்தாய்கிட்ட பால் குடிச்சிட்டுத் தூங்கிப் போகுது. அதே புலவர்தான் பட்டினப்பாலையும் பாடினவர். அதுல காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்துல நெல்லைக் கொத்த வர்ற கோழி மேல பெண்கள் காதுல கிடந்த குழையைக் கழட்டி வீசறாங்க. அந்தக் குழை போய்க் குழந்தை உருட்டற மூணு கால் தேருக்கு முட்டுக்கட்டையா நிக்குது. மூணு கால், அதாவது மூணு சக்கரம்! குதிரை பூட்டாத தேர்! எல்லாரும் குழையோட விலையைப் பார்த்து ஆச்சரியப்படுவாங்க. எனக்கு என்னவோ அந்த மூணு சக்கரம்தான் ஆச்சரியம். கிட்டத்தட்ட ரெண்டாயிரம் வருஷத்துக்கு அப்புறமும் தச்சர் கடையில வாங்கற நடைவண்டிக்கு மூணு சக்கரம்தானே?

அடுத்தது கிலுகிலுப்பை. இது அதை விடப் பழசு. ஹரப்பா, மொகஞ்சதாரோவுல சுட்ட மண்ணுல செஞ்ச உருண்டைக் கிலுகிலுப்பைங்க கிடைச்சிருக்கு, உள்ள சின்னச்சின்ன மண் உருண்டை போட்டது. தமிழ்நாட்டுல மண்ணை விட சுலபமா கையில கிடைச்சது பனை ஓலை. மண்ணு கீழ விழுந்தா உடையும், ஓலை உடையாது. எடையே இருக்காது. குழந்தை தன் மூஞ்சியிலயே அடிச்சுக்கிட்டாலும் வலிக்காது. (அடிச்சுக்கும், கண்டிப்பா அடிச்சுக்கும்.)

பழவேற்காட்டுல இந்த ஓலைப் பின்னல் ரொம்ப காலமா இருக்கற கைத்தொழில். ஆண்கள் ஏரிக்கும் கடலுக்கும் போற ஊர்ல, முக்கியமா முஸ்லிம் பெண்கள் வீட்டுக்குள்ள இருந்தபடியே செய்யற வேலை இது. இளசா இருக்கற குருத்தோலையை வெட்டிக் காயவெச்சு, ஈர்க்கை எடுத்து, நாடா நாடாவா கிழிச்சு, கொதிக்கற சாயத்தண்ணியில போட்டு நிறம் ஏத்துவாங்க. பின்னும்போது ஓலை ஈரப்பதமா இருக்கணும், காய்ஞ்சா முறிஞ்சிடும். பெட்டி, கூடை, தட்டு, கிலுகிலுப்பைன்னு எல்லாமே ரெண்டு கையும் ஒரு கத்தியும் வெச்சே செஞ்சுடறாங்க. அஞ்சு வயசுப் பொண்ணு அம்மா மடியில உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கத்துக்கற தொழில்.

இப்ப கோட்டை விஷயத்துக்கு வருவோம். பழவேற்காடுன்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது பூநாரையும் டச்சுக்காரங்களும்தான். 1610ல விஜயநகர அரசர் வேங்கடபதிகிட்ட அனுமதி வாங்கி டச்சுக்காரங்க இங்க கடை விரிச்சாங்க. 1612ல போர்த்துக்கீசியர் வந்து அதை அடிச்சு நொறுக்க, 1613ல கோட்டையே கட்டிட்டாங்க. பேரு கெல்ட்ரியா. 1690ல தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்தற வரைக்கும் சோழமண்டலக் கரையில டச்சுக் கம்பெனியோட தலைநகரமே பழவேற்காடுதான். இங்கேருந்து கப்பல் கப்பலா துணி போச்சு. இன்னிக்குக் கோட்டையில மிச்சம் இருக்கறது புதர் மண்டின மேடும் அகழியும்தான். தொல்லியல் துறை பராமரிக்கற கல்லறைத் தோட்டம் மட்டும் நல்லா இருக்கு.

அந்தக் காலத்து டச்சுக் குழந்தைங்க என்ன வெச்சு விளையாடிச்சுன்னு தேடினா, ரெம்பிராண்ட் வந்து நிக்கறார். சுமார் 1646ல அவர் செப்புத்தகட்டுல கீறி அச்செடுத்த ஒரு படம் இருக்கு. முன்னாடி ரெண்டு ஆம்பளைங்க மாடலா போஸ் குடுக்கறாங்க. பின்னாடி லேசான கோட்டுல ஒரு குழந்தை. சக்கரம் வெச்ச மரச் சட்டத்துக்குள்ள நின்னு நடை பழகுது. எதிர்ல ஒரு பெண் ரெண்டு கையையும் நீட்டி 'வா வா'ங்கறா. அப்படியே நம்ம வருகைப் பருவம்! டச்சு மொழியில அந்தப் படத்துக்கு வழங்கற பேரே 'குட்டி உருள்வண்டி'ங்கற அர்த்தத்துல வர்றதுதான். ஒட்டக்கூத்தரும் ரெம்பிராண்டும் ஒருத்தரை ஒருத்தர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனா ஒரு வயசுக் குழந்தை எந்த ஊர்லயும் ஒரே குழந்தைதான்.

இதோட நிறுத்தியிருந்தா சந்தோஷமான பதிவா முடிஞ்சிருக்கும். ஆனா அந்த 1646ங்கற வருஷம் என்னை விடலை.

அதே 1646ல இந்தக் கரையில கடும் பஞ்சம். விஜயநகர அரசோட கடைசி மூச்சு ஓடிக்கிட்டிருக்கு, கோல்கொண்டா படை தெற்கே இறங்கி வருது, மழையும் இல்லை. பழவேற்காடு, சாந்தோம், சென்னைன்னு கரை ஊர்கள்ல ஆயிரக்கணக்குல ஜனங்க செத்தாங்க. சோறு இல்லாதவங்க தங்களையே வித்தாங்க, பெத்த பிள்ளைங்களையும் வித்தாங்க. வாங்கினவங்கள்ல முக்கியமானவங்க டச்சுக் கம்பெனி. இலங்கைக்கும் படேவியாவுக்கும் (இன்னிக்கு ஜகார்த்தா) கப்பல்ல ஏத்தினாங்க. சோழமண்டலக் கரையில அடிமை வியாபாரம் உச்சத்துக்குப் போன வருஷங்கள் 1622-23, 1646, 1659-61. மூணும் பஞ்ச காலம். பஞ்சம் வந்தா ஆள் விலை குறையும், விலை குறைஞ்சா கம்பெனி வாங்கும். கணக்குப் புத்தகத்துல துணிக்கட்டு எப்படி எழுதப்பட்டதோ அப்படித்தான் மனுஷங்களும்.

ஆம்ஸ்டர்டாம்ல ஒரு குழந்தை உருள்வண்டியில நடக்கப் பழகின சமயத்துல, அந்த ஊர் முதலாளிங்களோட கம்பெனி இந்தக் கரைக் குழந்தைங்களுக்கு விலை பேசிக்கிட்டிருந்தது. ரெம்பிராண்ட் மேல நான் குத்தம் சொல்லலை, அவர் பார்த்ததை வரைஞ்சார். ஆனா பொம்மையோட வரலாறுன்னு எழுதறவங்க பெரும்பாலும் அருங்காட்சியகத்துல கிடைக்கற பொம்மையை வெச்சுத்தான் எழுதறாங்க. வெள்ளிக் கிலுகிலுப்பை கண்ணாடிப் பெட்டிக்குள்ள போகும். ஓவியம் சுவர்ல தொங்கும். ஓலைக் கிலுகிலுப்பை ஒரு மழைக்காலம் தாங்கினாலே பெரிசு. வெச்சிருந்த குழந்தையே கப்பல்ல போயிட்டா அதோட கதையும் கூடவே போயிடும். ஓலையில செஞ்சதுக்கு ஒரே ஒரு காப்பகம்தான் உண்டு, அதைப் பின்னற கை. அம்மா கையிலேருந்து பொண்ணு கைக்கு மாறினதால மட்டும்தான் அது நம்ம காலம் வரைக்கும் வந்திருக்கு. கோட்டை கட்டினவங்க 1825ல இடத்தை வெள்ளைக்காரன்கிட்ட குடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. கோட்டை மண்ணாப் போச்சு. ஓலை பின்னறவங்க இருக்காங்க.

சரி, 'வரலாறு எல்லாம் இருக்கட்டும்ப்பா, என்ன வாங்கறதுன்னு சொல்லு'ன்னு கேக்கறது காதுல விழுது. :-)

2007ல மேட்டல் மாதிரி பெரிய கம்பெனியே பெயின்ட்டுல ஈயம் இருக்குன்னு லட்சக்கணக்கான பொம்மைங்களைத் திரும்ப வாங்கிக்கிச்சு. வாயில வெக்கற வயசுல ஈயம்ங்கறது விளையாட்டு இல்லை, மூளை வளர்ச்சியையே கெடுக்கும். 2021 ஜனவரி 1லேருந்து இந்தியாவுல விக்கற பொம்மைங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினைத் துறையில பதிவு செஞ்ச கைவினைஞர்கள் செய்யற பொம்மைக்கு விலக்கு உண்டு. அதனால பிளாஸ்டிக் வாங்கினா முத்திரையைப் பாருங்க. ஓலையோ மரமோ வாங்கினா செஞ்சவங்களைப் பாருங்க, ரெண்டு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, சாயம் ஒட்டுதா? ஈரத்துணியால ஒரு தடவை தேய்ச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும். சந்தேகமா இருந்தா சாயம் ஏத்தாத வெள்ளோலையே வாங்கிடுங்க. ரெண்டாவது, உள்ள என்ன போட்டிருக்கு? சின்னக் கல்லுன்னா பின்னல் இறுக்கமா இருக்கணும், பிரிஞ்சா தொண்டையில சிக்கிடும். குன்றிமணின்னா வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு, ஆனா மென்னா கொடிய விஷம்.

நடைவண்டியிலயும் ஒரு விஷயம் இருக்கு. நடுவுல துணி இருக்கை வெச்சு, குழந்தையை உள்ள உட்காரவெச்சுச் சுத்தவிடற வாக்கர் இருக்கே, அதைக் கனடா 2004லயே தடை பண்ணிடுச்சு. படிக்கட்டுல உருண்டு தலையில அடிபட்ட குழந்தைங்க அவ்வளவு பேர். நம்ம மூணு சக்கர வண்டி வேற மாதிரி. குழந்தை தன் கால்ல நின்னு பின்னாலேருந்து தள்ளணும். கால் நின்னா வண்டியும் நிக்கும். சங்ககாலத்துத் தச்சர் இதுக்கெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதலை, ஆனா சரியாத்தான் செஞ்சிருக்கார். படி இருக்கற வீட்டுல கூடவே ஒரு ஆள் இருக்கணும், அது எந்த வண்டிக்கும் பொது.

ஆக, என்னோட தேர்வு பழவேற்காட்டு ஓலைக் கிலுகிலுப்பை ஒண்ணும், மர நடைவண்டி ஒண்ணும். விலை பேசும்போது மட்டும் ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. ஒரு கிலுகிலுப்பைக்குப் பின்னால பனை ஏற ஒரு ஆள், ஓலை காயவெக்க வெயில், சாயம் காய்ச்ச விறகு, பின்ன அரை நாள் குனிஞ்ச முதுகு எல்லாம் இருக்கு. பனை நம்ம மாநில மரம், 2021லேருந்து கலெக்டர் அனுமதி இல்லாம வெட்டக் கூடாதுன்னு உத்தரவும் இருக்கு. மரத்தைக் காப்பாத்த உத்தரவு போடலாம். பின்னற கையைக் காப்பாத்த உத்தரவு எல்லாம் உதவாது, யாராவது வாங்கினாத்தான் உண்டு. இந்தக் கரையில மனுஷக் குழந்தைக்கே அடிமாட்டு விலை பேசின காலம் ஒண்ணு இருந்தது. இன்னிக்கு ஒரு குழந்தையோட விளையாட்டுச் சாமானுக்காவது பேரம் பேசாம கேட்ட விலையைக் குடுத்துட்டு வரலாம்னு எனக்குத் தோணுது.

உங்க ஊர்ல ஓலை, மரம், மண்ணுல இந்த மாதிரி ஒரு வயசு சாமான் என்ன இருந்தது? அதுக்கு என்ன பேரு? இப்பவும் யாராவது செய்யறாங்களா? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல எழுதுங்க, பாட்டிங்ககிட்ட கேட்டாவது எழுதுங்க. பேரு மறந்துபோச்சுன்னா சாமானும் கூடவே போயிடும்.