சத்தத்துக்கு யார் கணக்கில் பற்று?

"கட்டடம் வேண்டுமென்றால் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும் சார்!"

எந்த ஊர் காண்ட்ராக்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். இதை நம்ப மறுத்த ஒரு மனிதர் நியூயார்க்கில் இருந்தார். அவர் கதைக்குப் போவதற்கு முன்னால் அந்த ஊரின் பழைய கதை கொஞ்சம்.

1929-ல் நியூயார்க் சுகாதாரத் துறை ஓர் ஆணையம் போட்டது. வேலை? நகரத்தின் இரைச்சலை அளப்பது. ஒரு லாரியில் கருவிகளை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். மக்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். 11,000-க்கும் அதிகமானோர் பதில் எழுதிக் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். சில இடங்களில் ஒரு வங்கப் புலி நின்று உறுமினால்கூட பாதசாரிக்குக் கேட்காது என்றது ஆணையம். அதே சமயத்தில்தான் எம்பயர் ஸ்டேட் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டுகளை இரும்பில் வைத்து அடி அடியென்று அடித்தார்கள். 1931-ல் கட்டடம் திறந்தாயிற்று. ஊரே அண்ணாந்து பார்த்தது. அக்கம்பக்கத்தில் தூக்கம் போனவர்களை யார் பார்த்தார்கள்?

இப்போது நம்ம ஆளுக்கு வருவோம். ராபர்ட் அலெக்ஸ் பேரன். பிராட்வே நாடகங்களுக்கு மேனேஜராக இருந்தவர். இன்ஜினீயரிங்குக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. 1960-களில் அவர் குடியிருந்த ஆறாவது அவென்யூவில் சுரங்க ரயில் பாதை தோண்ட ஆரம்பித்தார்கள். ஜாக்ஹாம்மர், கம்ப்ரஸர், லாரி. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கில். மனுஷன் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பகலில் எழும் கட்டுமான சத்தத்தைத் தட்டிக்கேட்க ஆளில்லை.

வேறொருவராக இருந்தால் வீட்டை மாற்றியிருப்பார். பேரன் 1966-ல் ஓர் அமைப்பையே தொடங்கிவிட்டார். அவருடைய வாதம் ரொம்ப எளிமையானது: மெஷின் இவ்வளவு கத்த வேண்டிய அவசியமே இல்லை. கம்ப்ரஸரைச் சுற்றி ஒலியை உறிஞ்சும் உறை போடலாம். ஜாக்ஹாம்மரிலிருந்து சீறிக்கொண்டு வரும் காற்றுக்கு ஒரு சைலன்ஸர் மாட்டலாம். பிரிட்டனில் சத்தம் குறைந்த மெஷின்கள் இருக்கின்றன என்று தெரிந்ததும் அதை நியூயார்க் மக்களுக்கே காட்டினார். 1970-ல் புத்தகமும் எழுதினார்.

அப்படியானால் காண்ட்ராக்டர்கள் ஏன் செய்யவில்லை? இங்கேதான் கணக்கு வருகிறது. சிமென்ட், இரும்பு, கூலி எல்லாம் அவர் பேரேட்டில் இருக்கும். பக்கத்து வீட்டு நைட் ஷிஃப்ட் ஊழியரின் தூக்கம் இருக்காது. உறை போட்டால் செலவு அவருக்கு. போடாவிட்டால் செலவு அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு. யாராவது சட்டம் போட்டு அந்தப் பற்றை இவர் கணக்கில் எழுதினால்தான் உண்டு.

1972-ல் நியூயார்க் எழுதியது. கம்ப்ரஸர், ரோடு உடைக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் டெசிபல் வரம்பு வந்தது. 2007-ல் அமலான புதிய விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. சத்தத்தை எப்படிக் குறைக்கப் போகிறோம் என்ற திட்டத்தை எழுதி, வேலை நடக்கும் இடத்திலேயே வைத்திருக்க வேண்டும். ஜாக்ஹாம்மருக்கு சைலன்ஸர் கட்டாயம். வார நாட்களில் காலை 7 மணி முதல் மாலை 6 வரைதான் வேலை. மற்ற நேரத்துக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

அதற்காக நியூயார்க் அமைதிப் பூங்காவாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தனி அனுமதி வாங்கி ராத்திரியில் வேலை நடக்கத்தான் செய்கிறது. 311-க்கு ஃபோன் போட்டு ஜனங்கள் திட்டுவதும் நிற்கவில்லை. ஆனால் போன் செய்கிறவரிடம் இன்று "பொறுத்துக்கொள்" என்று சொல்லிவிட முடியாது. "உன் திட்டம் எங்கே, எடு" என்று காண்ட்ராக்டரைத்தான் கேட்டாக வேண்டும்.