‘லாரா’வில் கதைசொல்லியின் பொறாமை: ஒரு காட்சியின் மறுவாசிப்பு

ஓட்டோ பிரெமிங்கர் இயக்கிய ‘லாரா’ (1944) படத்தின் பிற்பாதி முழுவதும் துப்பறிவாளர் மார்க் மெக்ஃபர்சன் காணும் கனவே என்னும் வாசிப்பு, நுவார் படங்களை, அதாவது இருளும் குற்றமும் தகாத ஆசையும் பின்னிய 1940களின் அமெரிக்கப் படவகையை, ஆராய்வோரிடையே செல்வாக்குப் பெற்ற ஒன்று. அவ்வாசிப்பு பெரிதும் ஒரே ஒரு காட்சித்துண்டையே சார்ந்திருக்கிறது. கொலையுண்டவளாகக் கருதப்படும் லாராவின் வீட்டில், அவளுடைய உருவப்படத்தின் கீழ் நாற்காலியில் அமர்ந்து குடித்தபடி மெக்ஃபர்சன் கண்ணயர்கிறார். காமிரா அவர் முகத்தை நெருங்கிப் பின்வாங்குகிறது. கதவு திறக்க, மழைக்கோட்டு அணிந்த லாரா உயிருடன் நுழைகிறாள்.

நெருங்கி விலகும் இந்த அசைவு கனவின் வாயில் என்று கொள்வதற்கு இடமுண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கனவைக் காட்ட அக்காலப் படங்கள் கையாண்ட கலங்கலோ உருத்திரிபோ இங்கு இல்லை என்பதோடு, தொடங்கிய கனவு முடிந்ததற்கான அடையாளம் எதுவும் இறுதிவரை வருவதுமில்லை. மெக்ஃபர்சன் உடனில்லாத உரையாடல்களும் பிற்பாதியில் உள்ளன. கனவில் எதுவும் நிகழலாம் என்னும் மறுமொழி எதையும் நிறுவாது.

இங்கு உண்மையில் மாறுவது கதைசொல்லும் உரிமையே எனலாம். படம் லாராவின் வழிகாட்டியான பத்தி எழுத்தாளர் வால்டோ லைடெக்கரின் பின்னணிக் குரலில் தொடங்குகிறது. லாரா இறந்த வார இறுதியை நினைவுகூரும் அக்குரல், தன் வீட்டுக் கடிகாரத்துக்கு ஒரே ஓர் இணை உண்டென்றும் அது லாராவின் வீட்டில் இருக்கிறதென்றும் பெருமையுடன் சொல்கிறது. கொலைக்குப் பயன்பட்ட துப்பாக்கி அந்த இணைக் கடிகாரத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது என்பதைப் பார்வையாளர் அறிய இறுதிவரை காத்திருக்க வேண்டும். லாராவை வேறொருவன் அடைவதைப் பொறாத வால்டோ, அவளென்று எண்ணி, அவள் வீட்டில் இருந்த டயான் ரெட்ஃபர்ன் என்னும் மாடல் பெண்ணைச் சுட்டவர். தான் உருவாக்கிய பெண்ணைப் பற்றிய கதையையும் அதே உடைமையுணர்வோடு தன் பிடியில் வைத்திருக்கிறார். ஓர் உணவகத்தில் மெக்ஃபர்சனிடம் லாராவின் கடந்தகாலத்தை அவர் சொல்லி முடித்தபின் கதைசொல்லும் குரலாக அவர் திரும்புவதே இல்லை. படமுடிவில் இறந்துவிடும் ஒருவர் தொடக்கத்தில் எவ்வாறு நினைவுகூர முடியும் என்பதைத் திரைக்கதையின் கவனக்குறைவு என்று ஒதுக்குவோர், அக்குரல் எந்த இடத்தில் அடங்குகிறது என்பதைக் கவனிப்பதில்லை. அது அடங்கிய பின்னரே லாரா, வால்டோவின் நினைவில் இடம்பெறும் உருவாக அன்றி, தானாகவே திரைக்குள் நடந்து வருகிறாள்.

வெரா காஸ்பரியின் மூல நாவல் (1943) இவ்விளக்கத்தை வலுப்படுத்துகிறது. அங்கும் வால்டோவின் கூற்று நின்றுவிட, மெக்ஃபர்சனின் கூற்று தொடர்கிறது. லாரா உயிருடன் திரும்புவது அங்கே கனவன்று. ஆனால் நாவல் அவளுக்கெனத் தனிப்பகுதி ஒன்றையும் அளித்து, நிகழ்ந்தவற்றை அவளே கூறச்செய்கிறது. படமோ வால்டோவிடமிருந்து விடுபட்ட பார்வையை, உருவப்படத்தைப் பார்த்தே காதல்கொண்ட மற்றோர் ஆணிடம் ஒப்படைக்கிறது. மெக்ஃபர்சனின் பொறாமை அவளைக் காவல்நிலைய விளக்கொளியின் கீழ் அமர்த்தி விசாரிக்கும் அளவுக்குச் செல்கிறது. கனவு வாசிப்பு இந்தக் கைமாற்றத்தை மறைத்துவிடுகிறது. நாவலில் லாரா சொன்ன பகுதி படத்தில் எவர் குரலிலும் இடம்பெறவில்லை.