இராணுவ விமானப் பராமரிப்புத் திட்டமிடல்

ஒரு படையணியின் எந்த விமானம் எப்போது பறக்க வேண்டும், எப்போது பணிமனைக்குள் போக வேண்டும் என்று முன்கூட்டியே வகுக்கும் முறை இது. பறந்த மணிநேரம், கழிந்த நாட்கள், தரையிறங்கிய எண்ணிக்கை, உறுப்புகளின் நிலை ஆகியவை இதற்கு அளவுகோல்கள்.

தோற்றம்

இரண்டாம் உலகப் போரில், பிரிட்டிஷ் விமானப்படையின் கோஸ்டல் கமாண்ட் பிரிவில் இத்துறை அறிவியல் வடிவம் பெற்றது. ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடிப் பறந்த அப்பிரிவில், விமானங்களில் ஏறக்குறைய முக்கால் பங்கு எந்நேரமும் பறக்கத் தயாராக நிற்க வேண்டும் என்பது விதி. மரபியலாளரான செசில் கார்டன் இவ்விதியின் ஓட்டையை எடுத்துக்காட்டினார். அதிகம் பறந்தால் பணிமனையில் நிற்கும் விமானங்களும் அதிகமாகும். ஆகவே பறக்காமல் இருப்பதே விதியைக் காப்பாற்ற எளிய வழியாகிவிட்டது. உண்மையில் தட்டுப்பாடு பராமரிப்பு ஆட்களின் உழைப்புக்கே. அவர்கள் கை ஓயாத அளவுக்கு விமானங்களைப் பறக்கவிட வேண்டும் என்றார் கார்டன். 1942இல் 502ஆம் படையணியில் இது சோதிக்கப்பட்டது. பறப்பு நேரம் பெரிதும் கூடியது.

50 மணிநேரத்துக்கு ஒருமுறை நடந்த சோதனையை அடுத்து எதிர்பாராப் பழுதுகள் பெருகி, பிறகு படிப்படியாகத் தணிந்ததும் அப்போது தெரியவந்தது. நன்றாக ஓடுவதைக் கழற்றி மாட்டுவதே கோளாறுக்குக் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று. உயிரியலாளர் வாடிங்டனின் 1973ஆம் ஆண்டு நூலில் விவரிக்கப்பட்டதால் இது ‘வாடிங்டன் விளைவு’ எனப்படுகிறது.

வகைகள்

மணிநேர முறையில் குறித்த பறப்பு நேரத்துக்கும், நாட்காட்டி முறையில் குறித்த காலத்துக்கும் ஒருமுறை சோதனை நடக்கும். பல விமானங்கள் ஒரே வாரத்தில் பணிமனை வாசலில் வந்து நிற்காதிருக்கப் படிக்கட்டு வரைபடம் உதவுகிறது. 500 மணிநேரத்துக்கு ஒரு சோதனை, கையில் 10 விமானங்கள் என்றால், அடுத்த சோதனைக்கு அவற்றுக்கு எஞ்சிய நேரம் 500, 450, 400 என்று 50 வரை இறங்க வேண்டும். வரைபடத்தில் இவ்வெண்களை இணைக்கும் சாய்கோட்டுக்கு மேலே நிற்கும் விமானம் கூடுதலாகப் பறக்கவிடப்படும். கீழே நிற்பதற்குப் பறப்பு குறைக்கப்படும். அமெரிக்கத் தரைப்படையின் ஹெலிகாப்டர் பிரிவுகள் இம்முறையைக் கையாள்கின்றன.

நம்பகத்தன்மை சார்ந்த முறையை யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978இல் தொகுத்தளித்தனர். பெரும்பாலான உறுப்புகள் வயதானதால் பழுதாவதில்லை என்பது அதன் அடிப்படை.

இன்றைய நிலை

தற்போது உணரிகளும் கணினிகளும் பயன்படுத்தப்படுகின்றன.