முகம் ஒன்று, சேலை பல

காக்காப்பொன் என்று நம் கிராமங்களில் சொல்லும் மைக்காத் தகட்டில் ஓவியம் தீட்டுவது 19ஆம் நூற்றாண்டுத் திருச்சிராப்பள்ளியில் நல்ல வியாபாரம். வாங்கியவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். சீமைக்கு எடுத்துச் செல்ல இலகுவான நினைவுப்பொருள் அது. அக்காலத்தில் இந்தியாவில் செய்த மைக்கா ஓவியங்களில் ஒருவகை விளையாட்டுத் தொகுப்பும் உண்டு. அட்டையொன்றில் முகம் மட்டும் இருக்கும். கூடவே வரும் கண்ணாடி போன்ற தகடுகளில் ஆளில்லாத உடைகள் இருக்கும். தகட்டை அட்டைமேல் வைத்தால் முகத்துக்கு உடை வந்துவிடும். தகட்டை மாற்றினால் அதே முகம் வேறு சாதி, வேறு தொழில்.

தஞ்சாவூரில் காகிதத்தில் வரைந்த கும்பினி ஓவியங்களையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வெறும் வானம், கொஞ்சம் தரை, நடுவே கணவனும் மனைவியும். அவன் கையில் பெரும்பாலும் தொழிற்கருவி. கீழே சாதியோ தொழிலோ எழுதி, ‘அவன் மனைவி’ என்று ஒரு குறிப்பு. கொசுவம் எந்தப் பக்கம், முந்தானை எந்தத் தோளில், கரை என்ன நிறம், ரவிக்கை உண்டா இல்லையா என்பதில் ஓவியர் காட்டும் கவனம் அபாரமானது. முகத்துக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. தாம்பரத்தில் என் முதுகலை வகுப்பில் இவற்றைத் திரையிட்டபோது, கூடுவாஞ்சேரியிலிருந்து மின்ரயிலில் வரும் மாணவி ஒருத்தி, “மேடம், கம்யூனிட்டி சர்டிபிகேட் மாதிரி இருக்கு” என்றாள். இந்த ஓவியங்களைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் இதுவே சுருக்கமானது, சரியானதும்கூட.

அதே நூற்றாண்டு ஐரோப்பாவிலும் ஓவியர்கள் பெண்ணுடையைத் தனியாக வரைந்து பழகினார்கள். மரப்பொம்மைக்கு உடுத்திவிட்டு, அதன் மடிப்புகளைச் சுண்ணக்கோலால் தீட்டுவார்கள். அங்கும் உடைக்குள் ஆள் இல்லை. ஆனால் அது பெரிய ஓவியத்துக்கான முன்வேலை. பிறகு அந்த உடைக்குள் ஒருத்தி வருவாள், பல நேரம் பெயரோடு. நம் ஓவியங்களில் உடையோடு வேலை முடிந்துவிடுகிறது.

ரவிக்கை ‘இல்லை’ என்று வரைந்தது வெறும் தகவலா? ரவிக்கையில்லாமல் சேலை கட்டிய கிழவிகளை என் வயதுக்காரர்கள் பலர் ஊரில் பார்த்திருப்போம். அவர்களுக்கு அது பழக்கம். தெற்கே, இன்று கன்னியாகுமரி மாவட்டமாக இருக்கும் அன்றைய தென் திருவிதாங்கூரில், அது கட்டளை. அங்கே நாடார் பெண்கள் மார்பை மறைத்தால் மேல்சாதியாருக்குச் செய்யும் அவமரியாதை. கிறித்தவரான பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று கர்னல் மன்றோ காலத்தில் அனுமதி வந்தது. ஆனால் அவர்கள் குப்பாயத்தோடு நிற்கவில்லை. மேல்சாதிப் பெண்களைப் போலவே தோள்சீலையும் போட்டார்கள். சந்தைகளில் அந்தச் சீலைகள் கிழிக்கப்பட்டன. 1829 அரசாணை தோள்சீலையை மறுத்தது. 1859 தொடக்கத்தில் மீண்டும் கலகம் மூண்டது. சென்னை கவர்னர் டிரெவெல்யன் தலையிட்டார். அவ்வாண்டு ஜூலையில் வந்த அறிவிப்பு, நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத்துணியைச் சுற்றிக் கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது என்றது.

அந்தக் கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். உடம்பு தெரிகிறதா என்பது அரசின் கவலையே அல்ல. பார்த்தவுடன் சாதி தெரிய வேண்டும், அவ்வளவுதான். தஞ்சாவூர் ஓவியன் தூரிகையால் பிரித்ததை மன்னர் ஆணையால் பிரித்தார். தகட்டை மாற்றி விளையாடலாம். ஒருத்தி தானாகத் தன் தகட்டை மாற்றிக்கொள்ளக் கூடாது.

இந்தப் போராட்டத்தை மிஷனரிகளின் கொடை என்று சொல்லும் வரலாறுகளும் உண்டு. எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். மிஷன் தந்தது குப்பாயம். தோள்சீலையைக் கேட்டது அந்தப் பெண்கள். மிஷனின் இன்னொரு வேலைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். ஐரோப்பியச் சீமாட்டிகள் அதை வாங்கித் தங்கள் உடைகளில் தைத்துக்கொண்டார்கள். அடிமைப்பட்டிருந்த பெண்கள் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். துரைசானியின் மார்புக்கு லேஸ் பின்னிய அதே ஊர்களில், சந்தைக்குப் போன பெண்ணின் தோளிலிருந்த சீலை கிழிபட்டுக்கொண்டிருந்தது.